பதினாலு பொய்க் குமிழிகள்

அந்தச் சுரங்க லிஃப்ட் கீழே போய்ச் சேருவதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடித்து, நடத்தி, மூன்றாம் நாளே சண்டை மூட்டிப் பிரித்தும் வைத்துவிடலாம். அத்தனை ஆழம். ஈயம் தோண்டித் தீர்ந்து கைவிட்ட சுரங்கம் அது. இப்போது அதன் அடிவயிற்றில் வெள்ளைச் சுவரும் டியூப்லைட்டுமாக நாலு அறை, ஒரு நீளக் கூடம், காசே வாங்காமல் கழுநீர் ஊற்றுகிற ஒரு டீ மெஷின். மேலே வெயிலா மழையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. உலகமே காணாமல் போயிருந்தாலும் அடுத்த லிஃப்ட் வராதபோதுதான் தெரியும்.

உப்பக்கா இருபத்திரண்டு வருஷமாக அதில் ஏறி இறங்குகிறாள். வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நாக்கு மட்டும் நேராக ஓடும்.

அவர்கள் அங்கே காத்துக்கொண்டிருந்தது கரும்பொருளுக்காக. நட்சத்திரங்களையெல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு, கண்ணுக்கும் படாமல் கைக்கும் சிக்காமல், நம் உடம்புக்குள்ளேயே புகுந்து போய்க்கொண்டிருக்கிற அந்தச் சரக்குக்காக. அதைப் பிடிக்க அவர்கள் வைத்திருந்த பொறி ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் ஒரு திரவம். அதை மெல்லச் சூடாக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைத்து, கொதித்தே தீர வேண்டிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆனால் அது கொதிக்காது. தூசி இல்லை, கீறல் இல்லை, கொதியைத் தொடங்கி வைக்க ஆள் இல்லை. கொதிக்க மறந்துபோய் நிற்கிற திரவம். கரும்பொருள் துகள் ஒன்று எதன்மீதாவது இடித்துவிட்டால் போதும், அந்த இடத்தில் ஒரு குமிழி கிளம்பும். கேமரா படம் பிடிக்கும். உடனே பிஸ்டன் அழுத்தி, குமிழியை நசுக்கி, எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். அந்த பிஸ்டனைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்குக்கும் பிஸ்டன் என்றே பெயர். ஆளும் அதே கனம்.

இதில் உப்பக்காவின் வேலை பொய் சொல்வது.

கேலி இல்லை. வருஷக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிற விஞ்ஞானிக்குச் சுவரில் கிடக்கிற பல்லிகூடக் கரும்பொருளாகத் தெரியும். அதனால் குழுவில் ஒரு விதி. ஒரே ஒரு ஆள், யாருக்கும் தெரியாமல், பழைய ஒத்திகைப் படங்களை எடுத்து நிஜப் பதிவுகளுக்குள் பொய்க் குமிழிகளாகக் கலந்துவிட வேண்டும். உப்பு போடுவது என்று அதற்குப் பெயர். எது நிஜம் எது உப்பு என்று தெரியாமல் எல்லாரும் ஒரே கவனத்தோடு ஆராய வேண்டும். வருஷக் கடைசியில் ஒருநாள் உறையைத் திறந்து, உப்பை எல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். மிச்சம் எப்போதும் சுழிதான். பதினோரு வருஷமாகச் சுழி. ஒவ்வொரு வருஷமும் உறை திறந்ததும் அந்தக் கூடத்தில் விடுகிற பெருமூச்சைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு லாரி டயருக்குக் காற்றடித்திருக்கலாம்.

இன்னொரு விதியும் உண்டு. உப்பு போட்டவளே அது விழுந்ததா என்று இடையில் பார்க்கக் கூடாது. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலை எழுதி மெஷினிடம் கொடுத்ததோடு சரி; எந்தத் தேதியில் விழ வேண்டும் என்பதை மெஷினே குலுக்கி எடுத்துக்கொள்ளும். உறை திறப்பதற்கு முந்தின நாள் காலையில்தான், தனியாக, அவள் கடவுச்சொல்லைப் போட்டுப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம்.

ஜாடியைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டவே முதல் நாலு மாதம் போய்விட்டதால், இந்த வருஷம் அவள் போட்டது பதினாலுதான். கூட்டங்களில் பேசப்பட்டது ஒன்பது குமிழிகளைப் பற்றி. மூன்றில் ரெண்டைத்தான் ஆட்கள் கண்டுபிடிப்பார்கள் என்பது பழைய அனுபவம். பதினாலில் ஒன்பது. கணக்கு அச்சு பிசகாமல் இருந்தது.

அதனால் எட்டு மாதமாக அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். குழுத்தலைவி ஒருத்தி இருந்தாள். சைரன் என்று கூப்பிடுவார்கள். அவள் தும்மினால் சுரங்கத்தின் மறுகோடியில் இருப்பவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொள்வான். அந்த சைரனே ஐந்தாவது குமிழி வந்த அன்று குரல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சத்தம் சின்னதா இருக்கு, அதனால கதிரியக்க அழுக்கு இல்ல. ஒத்தைக் குமிழி, அதனால நியூட்ரானும் இல்ல. உப்பக்கா, உங்க கால்ல விழறேன், இது உங்களோடது இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க."

"கால்ல விழுங்க. எந்திரிக்க உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றாள் உப்பக்கா. அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை.

ஒரே ஒருவனை நினைக்கும்போதுதான் அவளுக்கு உறுத்தும். அவள் தம்பி.

தம்பி மேலே, பல்கலைக்கழகத்தில், நாலாவது மாடியில் கணக்குப் போடுகிறவன். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். இருக்கிற துகள்கள் போதாது, பட்டியலில் இன்னும் ஒரு குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சக ஆட்கள் அவனை வாடகைக்கு ஆள் பிடிக்கிற வீட்டுக்காரன் என்றார்கள். பிறகு அவன் ரெண்டாவது பாதியைச் சொன்னதும், 'ரெண்டாம் கொதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த ரெண்டாவது பாதியை அவன் முதலில் சொன்னது அக்காவின் சமையலறையில். சுத்தமான ஒரு கப்பில் தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் வைத்தான். வெளியே எடுத்தபோது தண்ணீர் சாதுவாக இருந்தது. "எட்டி நில்லு" என்று சொல்லிவிட்டு, நீளக் கரண்டியால் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டான். கப்பு பொங்கி, அடுப்பு மேடையெல்லாம் சிதறி, சுவர்க் கடிகாரம்வரை தெறித்தது.

"பிரபஞ்சம் பொறந்த கையோட இப்படி ஒரு தடவை கொதிச்சுதுக்கா. அங்கங்க குமிழி கிளம்பி, ஒன்னோட ஒன்னு மோதி, புது நிலை எல்லா இடத்தையும் நிரப்பிடுச்சு. அந்தக் கொதியிலதான் கரும்பொருளுக்கு எடையே வந்தது."

"சரி. மேடையை யார் தொடைப்பா?"

"இருக்கா. அந்த எடை கனமா இருந்தா, கொதி ஒரே தடவைல முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். லேசா இருந்தா, பாதிதான் முடிஞ்சிருக்கு."

"மிச்சம்?"

"மிச்சம் இன்னும் நடக்கல. நாம எல்லாம் சர்க்கரை போடாத கப்புல உக்காந்திருக்கோம்."

"எப்ப நடக்கும்?"

"கணக்குல தேதி வராது. எங்கயோ ஒரு மூலைல ஒரு குமிழி கிளம்பினா போதும். ஏறக்குறைய ஒளியோட வேகத்துல விரியும். சேதி வர்றதுக்கும் அது வர்றதுக்கும் நடுவுல மூச்சு விட நேரம் இருக்காது. அதுக்கு உள்ள போனா அணுவும் இருக்காது, ஆளும் இருக்காது."

உப்பக்கா துணியை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "அதுவரைக்கும் மேடை இருக்கும். தொடை."

இப்படிப் பேசுகிற ஒருவன் லேசான கரும்பொருள் கிடைத்துவிட்டால் இருபது வருஷக் கிண்டலுக்குப் பதில் கிடைத்தது என்று துள்ளுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். குசும்பு கூடி, உப்புக்கு அவள் தேர்ந்தெடுத்ததும் கரும்பொருளுக்கு அவன் போட்ட எடை அட்டவணையில் ஒருத்தரும் சீந்தாத அந்த லேசான வரியைத்தான். இப்போது ஒன்பது குமிழிகளும் லேசான வகை என்று சைரன் கூட்டத்துக்குக் கூட்டம் கூவுகிறாள். அவன் விருந்தாளியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போகிறான். நாளைக்கு உறை திறந்து எல்லாமே அக்காவின் பொய் என்று தெரிந்தால் இவன் என்ன ஆவான்? எட்டு மாதக் கொண்டாட்டத்தில் இது ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள்.

முந்தின நாள் காலை ஒன்பதரை மணிக்கு உப்பக்கா தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கழுநீர் டீயை மேஜையில் வைத்து, கடவுச்சொல்லைத் தட்டினாள்.

பதினாலு வரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் நேரே ஒரே வாசகம்.

'அழுத்தம் வரம்புக்கு வெளியே. செலுத்தப்படவில்லை.'

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பதினாலு முறை அதே வாசகம்.

அவளே வைத்த வரம்பு அது. பொய்யும் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதால், ஜாடியின் அழுத்தம் இன்ன எண்ணுக்கும் இன்ன எண்ணுக்கும் நடுவில் இருந்தால்தான் உப்பு விழ வேண்டும் என்று பட்டியலின் தலையில் எழுதியிருந்தாள். எழுதிவிட்டு மறந்திருந்தாள். பார்க்கக் கூடாது என்பது விதி, அவளும் பார்க்கவில்லை. இத்தனை ஒழுங்காக ஒரு விதியைக் கடைப்பிடித்து இத்தனை பெரிய முட்டாளானவள் அந்தச் சுரங்கத்தின் சரித்திரத்திலேயே கிடையாது.

கூடத்தில் பிஸ்டன் ஒரு குழாய்க்கு அடியில் படுத்திருந்தான். பூட்ஸ் ரெண்டு மட்டும் வெளியே தெரிந்தன.

"டேய், இந்த வருஷம் அழுத்தத்தைக் குறைச்சியா?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? சைரன் சொல்லித்தானே குறைச்சேன். நீங்ககூடக் கைதட்டினீங்க. பிஸ்கட் கையில வச்சுக்கிட்டே தட்டினதுல தூளெல்லாம் என் தலையில."

"எப்ப?"

"எட்டு மாசம் இருக்கும். லேசான துகள் இடிச்சாலும் குமிழி வரட்டும்னு சொன்னாங்க. குறைச்சு ஆறாம் நாள் முதல் குமிழி வந்துச்சு." குழாய்க்கு அடியிலிருந்து சிரிப்பு வந்தது. "அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா உங்க உப்பைத் தவிர ஒன்னுத்தையும் காணோம். நான் கை வச்ச ராசி!"

உப்பக்காவுக்கு எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். கனமான சரக்காக இருந்தால் பழைய அழுத்தத்திலேயே மாட்டியிருக்கும். மாட்டவில்லை. அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் வந்தது. லேசானது. ஒன்பது முறை வந்திருக்கிறது. அதில் ஒன்றுகூட அவளுடையதில்லை.

கண்ணாடி ஜாடி கூடத்தின் நடுவில் விளக்கு வெளிச்சத்தில் நின்றது. உள்ளே ஒரு அசைவு இல்லை. அத்தனை தெளிவாக, அத்தனை சாதுவாக எதுவும் இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" பிஸ்டன் தலையை வெளியே நீட்டினான்.

"ஏன்டா, இதுல குமிழி வந்தா நீ அமுக்கிடற. அமுக்க ஆளில்லன்னா?"

"ஆளில்லன்னா எல்லாம் கொதிச்சு மேல வந்துரும். அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

மத்தியானம் அவள் மேலே போனாள். பல்கலைக்கழகத்தின் படிகள் அன்றைக்கு நானூறு இருந்தன; மற்ற நாளில் எண்பது. விதியை மீறித் தம்பியிடம் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஏறினாள். நாளைக்குக் கூட்டத்தின் நடுவில் அவன் இதைக் கேட்கக் கூடாது.

தம்பி விசில் அடித்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷமாக அழிக்காத வெள்ளைப் பலகையை அழித்திருந்தான். மேஜைமேல் காகிதம் இல்லை. அவன் மேஜையில் மரப்பலகை உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"வாக்கா! பொய் வியாபாரம் எப்படிப் போகுது?"

"என்னடா, கல்யாணக்களை கட்டியிருக்கு?"

"எட்டு மாசமா நல்லாத் தூங்கறேன்க்கா. அதான்." நாற்காலியை இழுத்துப் போட்டான். "முதல் குமிழி வந்த வாரம் என்ன ஆச்சு தெரியுமா? வாந்தி எடுத்தேன். உன்கிட்ட சொல்லல. பாத்ரூம் தரையில உக்காந்து, கணக்குல எங்கயாவது தப்பு இருக்கணும் இருக்கணும்னு பைத்தியம் மாதிரி முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். ரெண்டாவது வந்துச்சு. மூணாவது வந்துச்சு. அப்புறம்தான் பொறி தட்டிச்சு. லேசான வரி! என் அட்டவணைல நாய்கூட மோந்து பாக்காத வரி! அதைப் போய் எடுத்துப் போடற குசும்பு உலகத்துல ஒருத்திக்குத்தானே உண்டு?"

உப்பக்கா வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"இருபது வருஷமா எல்லாரும் நான் ஜெயிக்கணும்னு தவிக்கிறதா நினைக்கறாங்க. நான் தோக்கணும்னு தவிக்கறேன்க்கா. என் கணக்கு எனக்குப் புடிக்கல. அது சரியா இருந்துடக் கூடாது." அவன் குரல் கொஞ்சம் இறங்கிற்று. உடனே நிமிர்த்திக்கொண்டான். "நாளைக்கு உறை திறந்ததும் ஒரு மாசம் லீவு. போய்க் கடல்ல கால் நனைக்கப் போறேன். நீ வாயத் திறக்காத, விதி இருக்கு. முகத்தை மட்டும் காட்டு. காட்டு பாப்போம்."

பதினோரு வருஷப் பயிற்சி பெற்ற முகம் அது. அவளைக் கேட்காமலே அது தன் வேலையைச் செய்தது. வலது உதட்டோரம் மெல்ல ஏறி, திருடன் சிரிப்பு ஒன்று சிரித்தது.

தம்பி மேஜையைத் தட்டிச் சிரித்தான். "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்க்கா!"

படி இறங்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கவே இல்லை. உதட்டைக் கையால் பிடித்து இழுத்து விட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூடத்தில் இருபத்து மூன்று பேர். சைரன் புதுச் சட்டை போட்டிருந்தாள். கடைசி வரிசையில் தம்பி, கால்மேல் கால் போட்டு, ஊருக்குக் கிளம்புகிறவன் மாதிரி தோளில் பையோடு.

உப்பக்கா மேஜைக்குப் பின்னால் நின்றாள். கையில் உறை. உறைக்குள் பதினாலு வரிகள் உள்ள பட்டியல். பதிவேடு அவள் கடவுச்சொல்லுக்குள். ஒன்பதும் என்னோடது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரிபார்ப்பது அவள் வேலை என்பதால் வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை. எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். பன்னிரண்டாவது சுழியை எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். தம்பி கடலுக்குப் போவான். தூங்குவான்.

"சொல்லுங்க உப்பக்கா" என்றாள் சைரன். அந்தக் குரல் இத்தனை சின்னதாக ஒலித்து யாரும் கேட்டதில்லை. "ஒன்பதுல உங்களோடது எத்தனை?"

எல்லாரும் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்கள். தம்பி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் பொய் சொல்ல அவளுக்குச் சம்பளம். அத்தனை பொய்யும் இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்காக. பன்னிரண்டு வயதில் அவள் இடுப்பில் தூக்கித் திரிந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

"எதுவும் இல்ல" என்றாள்.

"எதுவும் இல்லன்னா?"

"ஒன்னுகூட என்னோடது இல்ல. அழுத்தம் இறங்கினதுல உப்பு விழவே இல்ல. பதிவேடு திறந்திருக்கு, யார் வேணா பாத்துக்கலாம். ஒன்பதும் நிஜம்."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி சைரன் ஊதினாள். அந்த அலறலில் டீ மெஷின் தானாக ஒரு கப் ஊற்றியது என்று பிஸ்டன் இன்றைக்கும் சத்தியம் செய்வான். நாற்காலிகள் சாய்ந்தன. பிஸ்டன் யாரையோ தூக்கிச் சுற்றினான். மூக்கை உறிஞ்சாத ஆள் இல்லை. இருபது வருஷமாகக் கிண்டல் செய்தவர்களெல்லாம் வரிசையாகக் கடைசி வரிசைக்கு ஓடி, தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் கையைக் கொடுத்தான். மரியாதையாகத் தலையசைத்தான். பை தோளிலேயே இருந்தது.

பிறகு கூட்டத்தைப் பிளந்துகொண்டு அக்காவிடம் வந்தான்.

"நேத்து சிரிச்சியே."

"ஆமா."

"இன்னைக்கும் சிரிச்சிருக்கலாமேக்கா."

அவள் உறையை மேஜையில் வைத்தாள். அவன் கையைப் பிடிக்கப் போனாள். அது ஜில்லென்று இருந்தது.

"ரெண்டாம் கொதி!" சைரன் மேடையிலிருந்து கூவினாள். அந்தப் பெயரை இப்போது பட்டம்போல் உச்சரித்தாள். "இங்க வாங்க! லேசா இருந்தா என்ன அர்த்தம்னு நீங்களே உங்க வாயால சொல்லுங்க. இதுக்காகத்தானே இத்தனை வருஷம்!"

எல்லாரும் கைதட்டி அவனைப் பலகைக்கு முன்னால் தள்ளினார்கள். அவர்களும் படித்தவர்கள்தான், அவன் கட்டுரையின் முதல் பாதியை எல்லாரும் படித்திருந்தார்கள். ரெண்டாவது பாதியைச் சிரிப்பதற்காக மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். யாரோ அவன் கையில் பேனாவைத் திணித்தார்கள். அவன் மூடியைத் திறந்தான். பலகையைப் பார்த்து நின்றான். எதுவும் எழுதாமல் திரும்பினான்.

அவன் முகத்தை முதலில் பார்த்தது முன்வரிசை. அங்கே கைதட்டல் நின்றது. ஒருத்தி ஞாபகம் வந்தவள்போல் வாயில் கை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்தவன் அவளைப் பார்த்து நிறுத்தினான். அமைதி வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அவர்கள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.